ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கான எடை குறைந்த டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸ்

ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்பது, லென்ஸ் வழியாக அல்லாமல் கேமராவின் மேல்மூலையில் உள்ள தனிக் கண்ணாடிச் சாளரம் வழியாகக் காட்சியைப் பார்த்து, இரண்டு பிம்பங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி ஃபோகஸ் செய்யும் ஒளிப்படக் கருவியாகும். லைக்கா நிறுவனத்தின் எம் வரிசைக் கேமராக்கள் இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. 1954இல் வெளிவந்த எம்3 அவ்வரிசையின் முதல் கேமரா. சிறிய உடல், சிறிய லென்ஸ், ஓசை குறைந்த ஷட்டர் ஆகியவற்றுக்காகவே பலர் இதை விரும்புகின்றனர். தொலைவில் உள்ளதை அருகே காட்டும் டெலிஃபோட்டோ ஜூம் லென்ஸ் இக்கேமராவின் இயல்புக்கு ஒத்துவராதது. 2012இல் அறிவிக்கப்பட்ட லைக்கா எம் (டைப் 240) அதற்கு ஒரு வழியைத் திறந்தது. அவ்வழியின் எல்லையை அறியாமல் லென்ஸ் வாங்குபவர், ஒரு கிலோ எடையைக் கூடுதலாகச் சுமப்பதோடு, இந்தக் கேமராவை வாங்கிய காரணத்தையே இழந்துவிடக்கூடும்.

சாளரமும் குவியத் தூரமும்

ரேஞ்ச்ஃபைண்டர் சாளரம் எப்போதும் ஒரே அளவு காட்சியையே காட்டும். எந்த லென்ஸ் பொருத்தப்பட்டுள்ளதோ அதற்குரிய வெண்ணிறச் சட்டக் கோடுகள் அக்காட்சியின் மேல் தோன்றும். 28 மி.மீ. லென்ஸின் சட்டம் சாளரம் முழுவதையும் நிரப்பும் கேமராவில், 135 மி.மீ. லென்ஸின் சட்டம் அதன் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கே இருக்கும். தூரத்து மேடையில் நிற்பவரின் முகபாவத்தை அந்தச் சிறு பெட்டிக்குள் கண்டறிவது எளிதன்று.

ஃபோகஸ் துல்லியம் இதைவிடப் பெரிய சிக்கல். கேமராவின் முன்புறத்தில் உள்ள இரு சாளரங்களுக்கு இடையிலான தூரத்தை அடித்தளமாகக் கொண்டு, முக்கோண முறையில் தொலைவு அளக்கப்படுகிறது. இத்தூரத்தைச் சாளரத்தின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் கிடைப்பது பயனுறு அடித்தளம். எம்3இல் இது ஏறத்தாழ 62 மி.மீ.; 0.72 உருப்பெருக்கம் கொண்ட எம்6இல் ஏறத்தாழ 50 மி.மீ. (மனிதனின் இரு கண்களுக்கு இடையிலான தூரமும் எம்3இன் அளவை ஒட்டியதே.) இந்த அடித்தளம் மாறாதிருக்க, குவியத் தூரம் கூடும்போது புல ஆழம் வேகமாகச் சுருங்குகிறது. 3 மீட்டர் தொலைவில் உள்ளவரை f/4 துளையில் 50 மி.மீ. லென்ஸால் எடுத்தால் சுமார் 85 செ.மீ. ஆழம் தெளிவாக விழும். அதே இடத்தில் 135 மி.மீ. லென்ஸுக்குக் கிடைப்பது சுமார் 12 செ.மீ. மட்டுமே. மூக்கு தெளிவாகவும் காது மங்கலாகவும் அமையும் அளவு அது. எனவேதான் எம் வரிசையின் சட்டக் கோடுகள் 135 மி.மீட்டரோடு நின்றுவிட்டன.

இந்த எல்லையைத் தாண்டப் பல உத்திகள் முயலப்பட்டன. 135 மி.மீ. எல்மாரிட் f/2.8 லென்ஸில் சாளரக் காட்சியைப் பெரிதாக்க மூக்குக் கண்ணாடி போன்ற ஓர் இணைப்பு இருந்தது. 200 மி.மீ., 400 மி.மீ. லென்ஸ்களுக்கு விசோஃப்ளெக்ஸ் என்ற கண்ணாடிப் பெட்டியைக் கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே பொருத்தினர். ரேஞ்ச்ஃபைண்டரை எஸ்.எல்.ஆர். கேமராவாக மாற்றும் வேலை அது. பருமனைப் பார்த்தவர்கள் நேரடியாக எஸ்.எல்.ஆர். கேமராவையே வாங்கிக்கொண்டதில் வியப்பில்லை.

ஜூம் ஏன் அமையவில்லை

ஜூம் லென்ஸில் குவியத் தூரம் தொடர்ந்து மாறும். சட்டக் கோடுகளோ குறிப்பிட்ட சில அளவுகளுக்கு மட்டுமே உள்ளன. 1998இல் லைக்கா வெளியிட்ட ட்ரை-எல்மார் லென்ஸ் 28, 35, 50 மி.மீ. என மூன்று நிலைகளில் நின்று, வளையத்தைத் திருப்பும்போது உரிய சட்டக் கோடுகளையும் மாற்றியது. இடைப்பட்ட அளவுகளில் அதைப் பயன்படுத்த இயலாது என்பதால் அதை முழுமையான ஜூம் என்று சொல்ல முடியாது. பின்னர் வந்த மற்றொரு ட்ரை-எல்மார் 16, 18, 21 மி.மீ. அளவுகளுக்கானது. இவ்விரண்டும் டெலிஃபோட்டோ அல்ல. கான்டாக்ஸ் ஜி2 கேமராவுக்கு 35-70 மி.மீ. ஜூம் ஒன்று இருந்தது. அதன் சாளரமே லென்ஸோடு சேர்ந்து ஜூம் ஆனது. ஆனால் ஜி2 தானியங்கி ஃபோகஸ் கொண்ட வேறொரு அமைப்பு. ஆக, எம் கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டரோடு இணைந்து இயங்கும் டெலிஃபோட்டோ ஜூமை லைக்கா உருவாக்கவில்லை.

டைப் 240 திறந்த வழி

டைப் 240 கேமராவில் உணரியின் காட்சியைத் திரையில் நேரடியாகப் பார்க்கும் வசதி சேர்க்கப்பட்டது. முந்தைய எம்8, எம்9 கேமராக்களில் இது இல்லை. திரையிலோ மேலே பொருத்தும் மின்னணுச் சாளரத்திலோ லென்ஸ் காண்பது அப்படியே தெரிவதால், சட்டக் கோடுகளின் தேவையும் முக்கோண அளவீட்டின் தேவையும் மறைந்தன. எனவே அடாப்டர் மூலம் எஸ்.எல்.ஆர். கேமராக்களின் பழைய ஜூம் லென்ஸ்களைப் பொருத்த முடிந்தது. லைக்காவே தன் ஆர் வரிசை எஸ்.எல்.ஆர். லென்ஸ்களுக்கான அடாப்டரை வெளியிட்டது. ஃபிலிம் எம் கேமரா அல்லது எம்9 வைத்திருப்பவருக்கு இந்த வழி இல்லை. பொருத்தலாம், ஆனால் எதுவும் சரியாகத் தெரியாது.

எந்த லென்ஸ் பொருந்தும் என்பதை மவுன்ட் தளத்துக்கும் உணரிக்கும் இடையிலான தூரம் தீர்மானிக்கிறது. எம் மவுன்டில் இது 27.8 மி.மீ. லைக்கா ஆர் மவுன்டில் 47.0, நிக்கான் எஃப் மவுன்டில் 46.5, ஒலிம்பஸ் ஓ.எம். மவுன்டில் 46.0, கான்டாக்ஸ்-யாஷிகாவில் 45.5, மினோல்டாவில் 43.5, கேனன் எஃப்.டி.யில் 42.0 மி.மீ. இவற்றுக்கும் எம் மவுன்டுக்கும் உள்ள வேறுபாட்டை அடாப்டர் நிரப்புகிறது, ஓ.எம். லென்ஸுக்கு 18.2 மி.மீ. நீள அடாப்டர் தேவை. சோனி இ மவுன்டின் தூரம் 18 மி.மீ. மட்டுமே என்பதால் அதற்கான இலகுவான புதிய லென்ஸ்களை எம் கேமராவில் பயன்படுத்த இயலாது. கேனன் இ.எஃப்., நிக்கான் ஜி வகை லென்ஸ்களில் துளை வளையம் இல்லை. சாதாரண அடாப்டரில் துளையை மாற்ற வழியில்லாததால் அவற்றையும் தவிர்ப்பதே நல்லது.

எடைக் கணக்கு

பேட்டரியுடன் டைப் 240இன் எடை 680 கிராம். முதலில் நினைவுக்கு வருவது லைக்காவின் வேரியோ-எல்மார்-ஆர் 80-200 மி.மீ. f/4. ஒளியியல் தரத்தில் குறை சொல்ல இடமில்லாத லென்ஸ். ஆனால் அதன் எடை ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். கேமராவோடு சேர்ந்து 1.7 கிலோ, அடாப்டர் தனி. கேமராவைவிட லென்ஸ் கனமாக இருப்பதால் முன்பக்கம் சாயும். மவுன்டில் விழும் அழுத்தத்தைக் குறைக்க லென்ஸைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். முக்காலியில் வைத்தால் அடாப்டரின் காலில்தான் பொருத்த வேண்டும். கான்டாக்ஸ் வேரியோ-சோனார் 80-200 மி.மீ. f/4 சுமார் 680 கிராம். கேமராவின் எடைக்குச் சமமான இது ஏற்கத்தக்க மேல் எல்லை எனலாம்.

நீளத்தை 150 மி.மீட்டரோடு நிறுத்திக்கொண்டால் எடை வெகுவாகக் குறைகிறது. ஒலிம்பஸ் ஸுய்கோ 75-150 மி.மீ. f/4 சுமார் 440 கிராம். மினோல்டாவின் 75-150 f/4 லென்ஸும் ஏறத்தாழ அதே அளவு. நிக்கான் இ வரிசை 75-150 மி.மீ. f/3.5 சுமார் 520 கிராம். மலிவு வரிசையில் வெளிவந்தும் தெளிவுக்காகப் பெயர் பெற்றது. எடை குறைவே முதன்மை நோக்கம் என்றால் தேட வேண்டியது இந்த 75-150 வகையைத்தான். 200 மி.மீ. வேண்டும் என்ற ஆசைக்குக் கொடுக்கும் விலை கூடுதல் எடை மட்டுமன்று. டைப் 240இல் அசைவு தடுக்கும் வசதி இல்லை. 24 மெகாபிக்சல் உணரியில் 200 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க 1/500 நொடி போன்ற வேகம் வேண்டியிருக்கும். மாலை வெளிச்சத்தில் f/4 துளையோடு அது கிடைப்பது அரிது.

அடாப்டரும் பழைய லென்ஸும்

பெரும்பாலான பழைய கைமுறை ஜூம்கள், ஜூமை மாற்றினாலும் ஃபோகஸ் மாறாதபடி வடிவமைக்கப்பட்டவை. நீண்ட முனையில் துளையை முழுதாகத் திறந்து, திரையைப் பெரிதாக்கிக் கண்ணிமையில் ஃபோகஸ் செய்து, பிறகு வேண்டிய சட்டகத்துக்கு ஜூமைக் குறைத்துத் துளையைச் சுருக்குவது சிறந்த முறை. ஆனால் அடாப்டர் பத்தில் ஒரு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலும் இந்தப் பண்பு கெட்டுவிடும். நீண்ட முனையில் தெளிவாக இருந்த முகம் குறுகிய முனையில் மங்கும். லென்ஸைக் குறை கூறும் முன் அடாப்டரைச் சோதிப்பது நல்லது. தொலைவுக் கட்டிடம் ஒன்று ஜூமின் இரு முனைகளிலும் முடிவிலிக் குறியிலேயே தெளிவாக விழ வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது பின்புறமிருந்து கைவிளக்கை அடித்துப் பார்த்தால் பூஞ்சை தெரியும். பல கண்ணாடிகள் கொண்ட ஜூமின் உள்ளே படர்ந்த பூஞ்சையை அகற்றும் செலவு, லென்ஸின் விலையையே தாண்டிவிடலாம். துளை இதழ்களில் எண்ணெய்க் கசிவு உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். நிக்கான் இ வரிசை 75-150இல் ஜூமுக்கும் ஃபோகஸுக்கும் ஒரே வளையம். அது நாளடைவில் தளர்ந்து, லென்ஸைச் சாய்த்ததும் தானே நழுவும். இந்தக் குறை இல்லாத ஒன்று கிடைப்பதே அபூர்வம் என்பதால், இதை விலை பேசும் காரணமாகக் கொள்ளலாம்.

ஜூம் இல்லாத மாற்று

மின்னணுச் சாளரத்தில் படம் எடுத்த கணம் காட்சி இருண்டு திரும்பும். சட்டகத்துக்கு வெளியே யார் வருகிறார் என்று தெரியாது. ரேஞ்ச்ஃபைண்டரின் கண்ணாடிச் சாளரத்துக்குப் பழகியவருக்கு இவ்விரண்டும் உறுத்தும். அத்தகையோர் 90 மி.மீ. லென்ஸையும் கணக்கில் கொள்ள வேண்டும். லைக்காவின் மேக்ரோ-எல்மார்-எம் 90 மி.மீ. f/4 கால் கிலோவுக்குள் அடங்கி, உடலுக்குள் மடங்கிக்கொள்ளும். ரேஞ்ச்ஃபைண்டரோடு இணைந்தே இயங்கும். 1950இல் லைஃப் இதழின் ஒளிப்படக் கலைஞர் டேவிட் டக்ளஸ் டங்கன் தம் லைக்காவில் நிக்கார் லென்ஸ்களைப் பொருத்திக் கொரியப் போரைப் படமெடுத்தார். டோக்கியோவில் அவரை முதலில் ஈர்த்த நிக்கார் 85 மி.மீ. குவியத் தூரம் கொண்டது.

90 மி.மீ. லென்ஸில் எடுத்த 24 மெகாபிக்சல் படத்தை 135 மி.மீ. கோணத்துக்கு வெட்டினால் ஏறத்தாழ 10.7 மெகாபிக்சல் மிஞ்சும், 150 மி.மீ. கோணத்துக்கு வெட்டினால் 8.6. ஏ4 தாள் அளவில் அச்சிட இது போதும். பெரிய அச்சுகள் தேவைப்படுபவருக்கும், நின்ற இடத்தை விட்டு நகர முடியாத மேடை நிகழ்ச்சி, விளையாட்டுத் திடல் போன்றவற்றில் படமெடுப்பவருக்கும் 75-150 ஜூமே பொருத்தம்.