வானத்து மைல்களை விற்கலாமா?

நாணயம் – 17

சென்ற வாரம், தோட்டத்து லயங்களிலும் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் நம் தாய்மார்கள் நடத்திவந்த கூட்டைப் பற்றி எழுதியிருந்தேன். பத்துப் பேர் மாதம் நூறு வெள்ளி கட்டி, மாதம் ஒருவராக ஆயிரம் வெள்ளியை எடுத்துக்கொள்ளும் அந்த ஏற்பாட்டில் மோசக்காரர்களும் புகுந்து, ‘கூட்டு’ என்ற சொல்லையே தலைப்பில் தாங்கிய தடைச் சட்டம் ஒன்று 1971இல் பிறக்கும்படி ஆயிற்று என்பது மெய்யே. ஆயினும் நல்லவர்கள் நடத்திய கூட்டில் ஒரு நியமம் இருந்தது. திடீர்ச் செலவு வந்தவள் அடுத்தவளுடைய முறையை ஒரு தொகை விட்டுக்கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பேரம் கூட்டு நடத்தும் அம்மாளின் வீட்டு வாசலில், எல்லோர் காதிலும் விழும்படி நடக்கவேண்டும்.

அதைப் படித்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் வசிக்கும் இளம் பொறியாளர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த கோலாலம்பூரை 1880களில் செங்கல்லால் திரும்பக் கட்டிய காலத்தில், சூளைகள் எரிந்த காரணத்தால் பெயர் பெற்று, பின்னர் ரயில்வே ஊழியர்களாய் வந்த தமிழர்களின் குடியிருப்பாக வளர்ந்து, 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறந்த பிறகு விமான நிலையத்துக்கு ரயிலேறும் வாசலாகவே ஆகிவிட்ட இடம் அது. ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், இலையை மடித்துக் கை கழுவி வந்தவர், கைப்பேசியை என் பக்கம் திருப்பினார்.

“அங்கிள், இதப் பாருங்க. ஒரு லட்சத்து இருபதாயிரம் பாயிண்ட். வாங்கிக்க ஆள் இருக்கு, மூவாயிரம் வெள்ளிக்கு மேல தர்றேங்கிறான். பறந்தது நானு, கால் மரத்துப்போனது எனக்கு. இத நான் வித்தா யாருக்கு என்ன நஷ்டம்?”

இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. உழைத்துச் சேர்த்த பொருளை விற்கும் சுதந்திரம் மனிதனுக்கு உண்டு என்பது பழைய தர்மம். அந்த இளைஞர் கேட்டது அந்தத் தர்மத்தின் பேரால்தான். ஆகவே, அவர் சேர்த்தது எத்தகைய பொருள் என்று முதலில் விசாரிப்போம்.

அமெரிக்காவில் 1978இல் விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாடு நீங்கி, கம்பெனிகள் விலைப் போட்டியில் இறங்கிய பிறகு, வாடிக்கையாளரைக் கட்டிப்போட வழி தேடிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறந்த தூரத்தை மைல் மைலாகக் கணக்கில் எழுதி, கணக்கு நிறைந்தபோது இலவச டிக்கெட் தரும் திட்டத்தை 1981 மே மாதம் முதல் தேதி ஆரம்பித்தது. நம் மலேசியா ஏர்லைன்ஸின் என்ரிச், சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் ஆகியவையெல்லாம் அந்த வழியில் வந்தவையே. 2013 பிப்ரவரியில் மலேசியா ஏர்லைன்ஸ் ‘ஒன்வேர்ல்ட்’ கூட்டணியில் சேர்ந்த பிறகு, என்ரிச் கணக்கில் சேர்ந்த புள்ளியைக் கொண்டு பிற தேசத்து விமானங்களிலும் இடம் பிடிக்கலாம் என்றாயிற்று. போதாக்குறைக்கு வங்கிகள், கிரெடிட் கார்டில் அரிசி வாங்கினாலும் பெட்ரோல் போட்டாலும் புள்ளி என்று ஆக்கிவிட்டபடியால், விமானத்தில் கால் வைக்காதவர் கையிலும் இன்று வானத்து மைல்கள் சேர்ந்து கிடக்கின்றன.

சேர்ந்து கிடக்கும் பொருளைச் சந்தை தேடி வருவது இயல்பு. தரகர் இணையத்தில் விளம்பரம் செய்கிறார். விற்பவரிடம் உறுப்பினர் எண்ணையும் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்குகிறார். அந்தக் கணக்கிலிருந்து, விற்பவர் கண்ணால் கண்டிராத ஒருவர் பெயரில் டிக்கெட் எடுத்து, கம்பெனி விலையைக் காட்டிலும் மலிவாக அவரிடம் விற்றுவிடுகிறார். மூவருக்கும் லாபம் என்றே தோன்றும். ஆனால் புள்ளிகளை விற்கவோ பண்டமாற்றுச் செய்யவோ கூடாது என்றும், மீறினால் டிக்கெட்டை ரத்துசெய்து கணக்கை மூடிவிடலாம் என்றும் ஏறத்தாழ எல்லாக் கம்பெனிகளும் தம் நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கின்றன. அந்த எழுத்து உயிர்பெற்று எழுந்ததை நான் ஒரு முறை நேரில் கண்டிருக்கிறேன்.

கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம்; எங்களுக்குத் தூரத்து உறவு. எழுபது வயது கடந்த அந்த அம்மாள் சிறுமியாய் இருந்தபோது, ‘ரஜுலா’ கப்பலின் மேல்தட்டில் நாகப்பட்டினத்திலிருந்து ஏறி, அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹம் என்று வழங்கிய போர்ட் கிள்ளானில் வந்து இறங்கியவர். மூட்டுவலியால் காலை மடக்க முடியாத தாயை, குலதெய்வத்தை ஒருமுறை தரிசித்துவர ஊருக்கு அனுப்ப விரும்பிய மகன், சென்னை வரைக்கும் அகலமான ஆசனத்தில் கால் நீட்டிப் போகட்டுமே என்று, தரகர் ஒருவர் சொன்ன விலைக்கு பிசினஸ் கிளாஸ் டிக்கெட் வாங்கியிருந்தார். வழியனுப்ப நானும் போயிருந்தேன். மைலோ டின்களும் பிஸ்கட்டுகளும் அடைத்த பெட்டி எடை பார்க்கும் பெல்ட்டின் மேல் ஏறியாயிற்று. காணிக்கைக் காசை மஞ்சள் துணியில் முடிந்து அம்மாள் கைப்பையில் வைத்திருந்தார். கவுண்டரில் இருந்த பெண் திரையை இரண்டு முறை பார்த்துவிட்டு, “இந்த டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தவர் உங்களுக்கு என்ன உறவு?” என்று மலாயில் பணிவாகவே கேட்டாள்.

மகனுக்குப் பதில் சொல்ல வரவில்லை. தாய் மகன் முகத்தைப் பார்த்தார். சிறிது நேரத்தில் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார், டிக்கெட் செல்லாது என்றார். மகன் பெட்டியைக் கீழே இறக்கினார். தரகரின் எண் அன்று மாலையே மௌனமாகிவிட்டது. புள்ளிகளை விற்ற மனிதர் யார், எந்த ஊர் என்பது இன்றுவரை எங்களில் எவருக்கும் தெரியாது. தாம் விற்றது யாரைக் கவுண்டரில் நிறுத்தியது என்பது அவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

இதனால் நான் விமானக் கம்பெனிகளின் கட்சி பேசுவதாக எவரும் எண்ணவேண்டாம். உறுப்பினரைப் பார்த்து ‘இந்தப் புள்ளி உன் சொத்தன்று’ என்று சொல்லும் அதே கம்பெனிகள், வங்கிகளுக்கு அவற்றைக் கோடிக்கணக்கில் விற்றுப் பணம் பார்க்கின்றன. நோய்த்தொற்றுக் காலத்தில் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் கம்பெனி தன் மைல் திட்டத்தையே ஈடாக வைத்து 680 கோடி டாலரும், டெல்டா 900 கோடி டாலரும் 2020இல் திரட்டின. அடுத்த ஆண்டு அமெரிக்கன் 1,000 கோடி டாலர் திரட்டிற்று. கடன் கொடுப்பவனிடம் சொத்தாகக் காட்டத்தக்க ஒன்று, உறுப்பினரிடம் மட்டும் வெறும் தயவாக எப்படி மாறுகிறது என்ற கேள்விக்கு நேர்மையான பதில் வேண்டும். மினசோட்டாவைச் சேர்ந்த யூத மதகுரு பின்யோமின் கின்ஸ்பெர்க் என்பவரை, அடிக்கடி புகார் செய்கிறார் என்று சொல்லி, நார்த்வெஸ்ட் கம்பெனி 2008இல் தன் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. நல்லெண்ணத்தோடு நடந்துகொள்வது ஒப்பந்தத்தின் உள்ளடங்கிய கடமை என்று அவர் தொடுத்த வழக்கில், விமானத்துறையை விடுவித்த அந்த 1978ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய வழக்குக்கு இடம் தரவில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நிபந்தனையை எழுதுகிறவனும் அவன், மாற்றுகிறவனும் அவன், நேற்று ஒரு பயணத்துக்குப் போதுமாயிருந்த புள்ளியை இன்று போதாது என்று ஆக்குகிறவனும் அவனே என்றால், அந்த ஒப்பந்தம் ஒரு பக்கம் மட்டும் கட்டப்பட்ட காவடியைப் போல் சாய்ந்தே நிற்கும்.

ஆனால் அவர்கள் பக்கத்துக் குறை நம் பக்கத்துக் கடமையை அழித்துவிடுவதில்லை. பிரிக்பீல்ட்ஸ் இளைஞரின் புள்ளிகளில் பெரும்பகுதி, அவருடைய முதலாளி வாங்கிக் கொடுத்த டிக்கெட்டுகளால் சேர்ந்தது. ஜெர்மனியில் 2002ஆம் ஆண்டு கோடையில், அரசாங்கச் செலவில் பறந்து சேர்த்த மைல்களைச் சொந்தப் பயணத்துக்குச் செலவிட்ட விவகாரம் வெளியானபோது, பெர்லின் மாநிலத்தின் பொருளாதார அமைச்சராயிருந்த கிரெகோர் கீசி பதவியை விட்டு விலகினார். இந்திய அரசாங்கம், அலுவல் பயணத்தில் சேரும் மைல்களை அந்தந்தத் துறையின் அலுவல் பயணத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்று தன் ஊழியர்களுக்கு விதித்திருக்கிறது. அமெரிக்காவோ அதற்கு நேர்மாறாக, ஊழியரே வைத்துக்கொள்ளலாம் என்று 2001இன் இறுதியில் சட்டம் செய்தது. தேசத்துக்குத் தேசம் விடை மாறுவதிலிருந்து ஒன்று தெளிகிறது: இது பணம் கொடுத்தவரைக் கேட்டு முடிவுசெய்ய வேண்டிய காரியம். கேளாமல் விற்பவன், தனக்கு உரிமை உண்டா இல்லையா என்ற சந்தேகத்தையும் சேர்த்தே விற்கிறான்.

என் அபிப்பிராயம் இதுதான். புள்ளி விற்பனையின் தோஷம், கம்பெனியின் நிபந்தனையை மீறுவதில் மட்டும் அடங்கியதன்று; நிபந்தனைகள் அநியாயமானவையாகவும் இருக்கலாம், அநியாயத்தை எதிர்ப்பதும் தர்மமே. விற்பவன் பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அபாயத்தை முழுவதும் முன்பின் அறியாத ஒருவர் தலையில் ஏற்றிவிட்டுப் போகிறானே, அங்கேதான் தோஷம் இருக்கிறது. கூட்டில் முறையை விற்றவள் வாங்கியவளின் முகத்தைப் பார்த்து விற்றாள். பணம் கைமாறியதற்குப் பத்துப் பேர் சாட்சி. இங்கே விற்றவர் முகம் தரகருக்கு மட்டும் தெரியும், தரகர் முகம் ஒருவருக்கும் தெரியாது, கவுண்டரில் தெரிவது அந்தக் கிழவியின் முகம் ஒன்றுதான். காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் பாஷையில் பிறந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

விற்பவருக்கும் இதில் க்ஷேமம் இல்லை. அந்நியன் கையில் கடவுச்சொல்லைக் கொடுப்பவர், தம் பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் சேர்த்தே கொடுக்கிறார். அதே கடவுச்சொல்லை வங்கிக்கும் வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அப்படி ஏமாந்து வங்கிப் பணம் பறிபோனவர்கள் வெட்கத்தால் வாய்மூடி இராமல், ஒரு நிமிஷமும் தாமதியாமல் தேசிய மோசடி உதவி மையத்தின் 997 என்ற எண்ணை அழைக்கவேண்டும்.

அப்படியானால் சேர்ந்த புள்ளி காலாவதியாகி வீணாகத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் உறுப்பினர் ஐந்து பேரை நியமித்து, தம் மைல்களால் அவர்களுக்கு டிக்கெட் எடுத்துத் தரலாம். பெற்றோரோ உடன்பிறந்தவரோ சிநேகிதரோ, கவுண்டரில் ‘என்ன உறவு’ என்று கேட்டால் தலை நிமிர்ந்து சொல்லத்தக்கவர்கள். அன்னதானப் பந்தியில் தனக்குக் கிடைத்த இலையை முடியாத கிழவர் ஒருவருக்கு விட்டுக்கொடுத்து எழுந்துகொள்வதை நாம் புண்ணியம் என்கிறோம்; அதே இடத்தைக் காசுக்கு விற்றால் ஊர் அவனை என்ன சொல்லும் என்பதும் நமக்குத் தெரியும். கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு: உறுப்பினர் இறந்துபோனால் அவர் புள்ளி வாரிசுகளுக்குச் சேரட்டும், திட்டத்தை மாற்றுவதற்கு நெடுநாள் முன்னதாக அறிவிப்பு வரட்டும், உறவினருக்குக் கொடுக்கும் வழி எளிதாகட்டும். நேர்வழி அகலமாய் இருந்தால், தரகரின் சந்துக்குள் நுழைய ஆசைப்படுகிறவர் தொகை தானே குறையும்.

இவ்வளவையும் அந்த இளைஞரிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. கிள்ளான் அம்மாளின் கதையைச் சொன்னேன். பெட்டியை இறக்கிய இடத்தில் அவர் கைப்பேசியை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு ஒன்று மட்டும் கேட்டேன்: “தம்பி, இந்த வியாபாரத்தை உங்கள் மேனேஜரிடம் சொல்லிவிட்டுச் செய்வீர்களா?” அவர் பதில் சொல்லாமல் இரண்டு டீக்கும் பணம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்.

நான்கு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. “கேட்டுட்டேன் அங்கிள். நீயே வச்சுக்கன்னு சொல்லிட்டாங்க. அப்பா, அம்மா பேர்ல டிக்கெட் பாத்துக்கிட்டிருக்கேன்.”

பறக்க முடியாமல் போன டிக்கெட்டின் பணத்துக்கு யார் உரியவர் என்பதை அடுத்த வாரம் விசாரிப்போம்.

(தொடரும்)