வீடு வாங்குமுன் சோதித்தல்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்றனர் நம் முன்னோர். பிறர் கட்டிய வீட்டை விலைக்கு வாங்குவோர்க்கு அவர்கள் எச்சரிக்கை எதனையும் விட்டுச் சென்றிலர். காரணமும் உண்டு. அக்காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகள் பெரும்பாலும் முதுசமாகவும் சீதனமாகவுமே கைமாறின. விலைக்குப் போயினும் வாங்குபவர் அயலவராதலின், எந்தக் கிணறு கோடையில் வற்றும், எந்தக் கூரை ஒழுகும் என்பதை ஊரே அறிந்திருந்தது. இன்றோ வாங்குபவர் இலண்டனிலும் தொறன்ரோவிலும் இருக்கின்றார். வீடு நிழற்படமாகவே அவரைச் சென்றடைகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் படித்து இப்போது வெளிநாட்டில் வாழும் மாணவர் ஒருவர், யாழ்ப்பாணத்தில் விலைக்கு வந்த ஓர் ஓட்டு வீட்டைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். “சேர், நீங்கள் நல்லதென்று சொன்னால் வாங்குகிறேன்” என்றார். யானும் ஒரு மாலைப்பொழுதிற் சென்றேன். புதிதாகத் தீந்தை பூசிய சுவர்கள், மெருகிட்ட தரை, முற்றத்தில் மல்லிகைப் பந்தல். நல்ல வீடு என்று எழுதிவிட்டேன். அடுத்த ஐப்பசி மழையில் கூரையின் ஒரு பக்கம் தாழ்ந்தது. கைமரங்களைக் கறையான் தின்று கோதாக்கியிருந்தமை அப்போதுதான் தெரிந்தது. பத்தாண்டுச் சேமிப்பு அவ்வீட்டிற் போயிருந்தது. அவர் என்னை நோக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே இன்றளவும் என்னை உறுத்துகின்றது. எழுத்துப் பிழை காணப் பழகிய கண், மரத்தின் பிழையை எங்ஙனம் காணும்?

இங்கிலாந்தில் வீடு வாங்குவோர், பட்டயம் பெற்ற சேவையர் ஒருவரைத் தம் செலவில் அமர்த்தி, கூரை முதல் அத்திவாரம் வரை சோதிப்பித்து அறிக்கை பெறுவர். 1868 இல் இலண்டனில் தோன்றிய சங்கமொன்று அத்தொழிலை ஒழுங்கு செய்து வருகின்றது. அமெரிக்காவில் வீட்டுப் பரிசோதகர் என்றே ஒரு தொழிலினர் உளர். நம் நாட்டிலோ சேவையர் என்பவர் காணி அளப்பவர். அவரது நிலப்படம் எல்லையைச் சொல்லும். சுவரின் வெடிப்பைச் சொல்லாது. சொல் ஒன்றாயிருத்தலால், ‘சேவையர் பார்த்துவிட்டார்’ என்று ஆறுதலடைவோரை யான் கண்டிருக்கிறேன். நொத்தாரிசு உறுதியையும் காணிப் பதிவையும் ஆராய்வார்; 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அவர் கையொப்பமின்றிக் காணி கைமாறாது. தேசவழமையின்படி பங்காளர்க்குள்ள முன்னுரிமையையும் அவரே கவனிப்பார். ஆனால் அவரும் கூரைமேல் ஏறார். வங்கியின் மதிப்பீட்டாளர் பார்ப்பது கடனுக்கு ஈடு போதுமா என்பதையே. அவர் வங்கிக்காகப் பார்க்கின்றாரேயன்றி நமக்காக அன்று.

ஆகவே கட்டடப் பொறியியலாளர் ஒருவரையும், கைதேர்ந்த தச்சர், மேசன் ஆகியோரையும் நாமே தேடி அமர்த்துதல் வேண்டும். விற்பவரோ தரகரோ காட்டும் ஆள் ஆகாது.

அவர்கள் முதலிற் காண வேண்டியது கூரை. தொல்காப்பிய மரபியல் புறத்தே வைரமுடையவற்றைப் புல் என வகுக்கும், பனை அவ்வினத்தது. அதன் உள்ளீடு மென்மையானது. உள்ளே கறையான் தின்றபின்னும் புறவைரம் பழுதின்றித் தோன்றும். தட்டிப் பார்த்தால் ஒலி காட்டிக்கொடுக்கும். இலக்கணம் படித்த யான் இதனை நினையாது போனேனே!

சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய பழைய சுவர், ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பினது. அதன்மேற் சீமெந்து பூசின் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு உப்பி உதிரும். யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி அகன்று செல்லும் வெடிப்பு, அத்திவாரம் தாழ்ந்தமைக்கு அறிகுறியாகலாம். பூச்சில் மயிரிழைபோல் ஓடுவன அத்துணை அஞ்சத்தக்கனவல்ல. கொங்கிறீற்று வீடாயின் உப்புமணலே பெரும் பகை. உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும். 1990 இல் மக்கள் இடம்பெயர்ந்தபின் நெடுங்காலம் கூரையின்றி மழையில் நின்ற வலிகாமம் வடக்கு வீடுகளை வாங்குவோர், கம்பியை வெளிப்படுத்திப் பாராமல் மேல்மாடி கட்ட எண்ணலாகாது.

கிணற்று நீரையும் ஆய்வுகூடத்திற்கு அனுப்புதல் வேண்டும். நமது சுண்ணக்கல் வெடிப்பும் துவாரமும் மிக்கது. மலக்குழியின் கழிவு அவற்றின் வழியே விரைந்து பரவும். ருசி நன்றாயிருத்தல் சான்றாகாது; நைத்திரேற்று நாவுக்குப் புலப்படாது.

இவையனைத்தும் முற்பணம் கொடுக்குமுன் நடைபெற வேண்டியவை. அவசரமாயின், குறை காணப்படின் பணம் திரும்பும் என உடன்படிக்கையில் எழுதுவித்துக் கொள்ளலாம். மாரி காலத்திற் பார்ப்பது மேலும் நன்று. மழை எதனையும் மறைப்பதில்லை.

சென்ற ஆண்டு அம்மாணவர் தம் தங்கைக்குச் சீதன வீடு தேடியபோது, என்னையே மறுபடியும் கேட்டார். இம்முறை யான் தனியே போகவில்லை. தச்சர் ஏணியில் ஏறி உளிப்பிடியால் ஒவ்வொரு கைமரமாகத் தட்டிச் செல்ல, ஒலி மாறிய மூன்று இடங்களைக் கீழே நின்ற யானும் கேட்டேன். விற்பவர் அம்மூன்றையும் மாற்றித் தந்த பின்னரே உறுதி எழுதப்பட்டது.