தற்காலிகத்துக்கும் ஒரு கெடு வேண்டும்

2024 மார்ச் 17 நள்ளிரவில், கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில், அனுமதியில்லாமல் எழும்பிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று பக்கத்துக் குடிசைகள்மேல் சரிந்தது. பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். வீடு இப்படிப் போனாலும் சரி, வாடகை கட்ட முடியாமல் போனாலும் சரி, பெற்றவர்களுக்கு முதல் கவலை ஒன்றுதான்: இன்றிரவு பிள்ளைகளை எங்கே படுக்கவைப்பது?

அதற்காகத்தான் நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடங்கள். உச்ச நீதிமன்றம் 2010-இல் கண்டிப்புக் காட்டிய பிறகு, 2013-இல் மத்திய அரசின் திட்டம் வந்தது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்க இடம் என்று அது விதித்தது. 2011 கணக்கெடுப்பில் கொல்கத்தா மாநகராட்சியில் சுமார் 45 லட்சம் பேர்; அப்படியானால் 4,500 இடம். அதே கணக்கெடுப்பில் அங்கே வீடற்றவர்கள் கிட்டத்தட்ட 70,000! விதியை அப்படியே நிறைவேற்றினாலும் பெரும்பாலோர் நடைபாதையில்தான்.

இடம் கிடைத்தவர்கள் பாடு? தலைக்கு 50 சதுர அடி. பத்துக்கு ஐந்து: ஒரு பாயும் ஒரு டிரங்குப் பெட்டியும் போட்டால் தீர்ந்தது. பிள்ளை வீட்டுப்பாடம் எழுத வேண்டுமானால் பாயைச் சுருட்ட வேண்டும். ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்றிருக்கும் விடுதியில் குடும்பம் இரண்டாகப் பிரியும். குடும்பமாகத் தங்கும் விடுதிக்கும் விதிமுறையில் இடம் உண்டு. கேட்டு வாங்க வேண்டும். பிள்ளையை மட்டும் காப்பகத்துக்கு அனுப்பலாம் என்று யாராவது யோசனை சொன்னால், காப்பகம் கடைசி வழிதான் என்று 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமே சொல்வதை எடுத்துக்காட்டலாம்.

என்னைக் கேட்டால், தங்குமிடம் கேட்டு எழுதும் கோரிக்கை மனுவில் முதலில் இருக்க வேண்டியது, அங்கே எவ்வளவு நாள்தான் வைக்கலாம் என்ற கெடு. இங்கிலாந்தில், பிள்ளைகள் உள்ள குடும்பத்தை உள்ளாட்சி நிர்வாகம் தனியார் சத்திர அறையில் ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று 2003-இல் ஆணை போட்டார்கள். அங்கேயும் மீறுகிறார்கள், நிறையவே. ஆனால் எத்தனை குடும்பங்கள் ஆறு வாரம் தாண்டிவிட்டன என்ற கணக்கை அரசே வெளியிடுகிறது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே போராடுகிறார்கள். கெடுவே இல்லாத இடத்தில் எதை வைத்துச் சண்டை போடுவது?

அடுத்தது பள்ளி. முகவரி மாறிவிட்டது, பிறப்புச் சான்றிதழ் இடிபாட்டில் போய்விட்டது என்று தயங்க வேண்டாம். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பாதி ஆண்டில் போனாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆபத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்த்தால் கூப்பிட வேண்டிய எண் 1098, கட்டணம் கிடையாது.