கொலோசேயம் காணச் செல்வோருக்கு

உரோமைக்குத் திருப்பயணம் சென்று திரும்பும் நம் மக்கள் புனித இராயப்பர் பேராலயத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவர். கொலோசேயத்தைப் பற்றிக் கேட்டாலோ, "பெரிய இடம், சாமி, வெயில் தாங்கவில்லை, கால் வலித்தது" என்று முடித்துவிடுவர். அது கொலோசேயத்தின் குற்றமன்று. ஆயத்தமின்றிச் செல்வதன் குற்றம். முதன்முறையாக அங்குச் செல்லக் கருதியிருக்கும் குடும்பங்களுக்காகச் சில செய்திகளை எழுதுகிறேன்.

நுழைவுச்சீட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே சீட்டுத் தரப்படுகிறது. அப்பெயரை வாயிலில் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். நம்மவர் பெயர் வழக்கமோ தனி. வீட்டில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர். தலைப்பெழுத்தோ கடவுச்சீட்டில் தந்தையின் பெயராகவோ கணவரின் பெயராகவோ விரிந்து நிற்கும். 2025ஆம் ஆண்டு யூபிலித் திருப்பயணத்தில் எங்களோடு 68 வயதுள்ள ஓர் அம்மையார் வந்திருந்தார். கணவரை இழந்தவர், கோழி வளர்த்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வந்தவர். சீட்டில் அவர் பெயர் ஒன்றாகவும் கடவுச்சீட்டில் வேறாகவும் இருந்தது. வாயிற்காவலர் கடிந்து பேசவில்லை. தலையை அசைத்தார், அவ்வளவே. அன்றைய சீட்டுகள் தீர்ந்திருந்தன. மறுநாள் காலை நாங்கள் அசிசிக்குப் புறப்பட வேண்டும். பங்குக் குடும்பப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்ப்பட்டியல் எழுதிக் கொடுத்தவன் நானே.

ஆகவே, கடவுச்சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். சீட்டு நாளுக்கு மட்டுமன்று, நுழையும் நேரத்திற்கும் உரியது. ஏறக்குறைய ஒரு மாதத்திற்கு முன்னரே அதிகாரபூர்வ இணையதளத்தில் விற்பனை தொடங்கி, விரைவில் தீர்ந்துவிடும். உடனே உள்ளே அழைத்துச் செல்வதாகத் தெருவில் வந்து சொல்வோரிடம் பணம் கொடுக்க வேண்டாம். மாதத்தின் முதல் ஞாயிறன்று கட்டணமில்லை என்பது மெய்யே. ஆயினும் அன்றைய வரிசையில் முதியோரை நிறுத்துவதைவிடக் கட்டணம் செலுத்துவது நன்று.

மற்றவர்களை உள்ளே அனுப்பிவிட்டு அம்மையாரும் நானும் வெளியே தங்கினோம். முன்பு இருமுறை உள்ளே சென்றும் நான் கவனியாதவற்றை அந்த இரண்டு மணி நேரத்தில் கண்டேன். வடபுறத்தில் வெளிச்சுவர் இன்னும் முழு உயரத்திற்கு, ஏறத்தாழ 48 மீட்டர் நிற்கிறது. கீழ்த்தளத்து வளைவுகளின் மேல் உரோமை எண்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. மொத்தம் 80 வளைவுகளுள் 76 பொதுமக்களுக்கு உரியவை. தனக்குரிய எண்ணைப் பார்த்து ஒவ்வொருவனும் நுழைந்தான். சுவரெங்கும் அம்மைத் தழும்பு போன்ற பள்ளங்களைக் காணலாம். கற்களைப் பிணைத்திருந்த இரும்பை இடைக்காலத்தில் தோண்டி எடுத்ததால் ஏற்பட்டவை அவை. 1349ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தென்புறம் சரிந்தது. இக்கட்டடத்தின் கற்கள் அரண்மனைகளுக்கும் ஆலயங்களுக்கும், புனித இராயப்பர் பேராலயத்திற்குங்கூடச் சென்றன. இதைச் சொன்னதும் அம்மையார், "அப்படியானால் நேற்றுக் கோயிலில் நான் தொட்டுக் கும்பிட்டதிலும் இந்தக் கல் இருக்குமோ, சாமி?" என்றார். "இருக்கலாம், அம்மா" என்றேன்.

பிறகு, நம்மவர் எல்லாரும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "வேதசாட்சிகளைக் கொன்றது இங்கேதானா?"

மழுப்பாமல் விடை சொல்ல வேண்டிய கேள்வி இது. நீரோ மன்னன் கிறிஸ்தவர்களைக் கொன்றது கி.பி. 64ஆம் ஆண்டுத் தீவிபத்தை அடுத்து. அப்போது இக்கட்டடமே இல்லை. வெஸ்பாசியன் தொடங்கியதை அவர் மகன் தீத்துஸ் கி.பி. 80இல் திறந்துவைத்து, 100 நாள் விளையாட்டுகள் நடத்தினார். அந்தியோக்கியா நகர்ப் புனித இஞ்ஞாசியார் உரோமையில் விலங்குகளுக்கு இரையானார் என்பது மரபு. ஆனால் இன்னார் இவ்விடத்தில் கொல்லப்பட்டார் என்று கொலோசேயத்தைப் பெயர் குறித்துச் சொல்லும் அக்காலச் சான்று இல்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் திருத்தந்தை 14ஆம் ஆசீர்வாதப்பர் இவ்விடத்தை ஆண்டவரின் பாடுகளுக்கு அர்ப்பணித்து, இங்கே சிலுவைப் பாதை நிலைகளை நிறுவினார். அது கற்கள் மேலும் களவு போகாமலும் காத்தது. 1964 முதல், திருத்தந்தை ஆறாம் சின்னப்பரால், பெரிய வெள்ளி இரவுச் சிலுவைப் பாதை இங்கே மீண்டும் வழக்கமாயிற்று. அம்மையார் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "யாரானாலும் மனிதர்தானே செத்தார்கள்" என்று சொல்லிச் செபமாலையை எடுத்தார். அடிமைகளும் போர்க்கைதிகளும் ஊரார் கைதட்ட மடிந்த இடம் அது. அதற்குமேல் விளக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அருகிலேயே தீத்துஸ் வளைவு நிற்கிறது. அதன் உட்புறத்தில், யெருசலேம் ஆலயத்தின் ஏழு கிளை விளக்குத்தண்டை வீரர்கள் தூக்கிச் செல்லும் சிற்பத்தைக் காணத் தவறாதீர்கள். கி.பி. 70இல் அந்நகரைச் சூறையாடிய செல்வம் கொலோசேயம் கட்ட உதவியது என்பதே ஆய்வாளர் கருத்து. வளைவு இருக்கும் உரோமன் ஃபோரத்திற்கும் பாலட்டைன் குன்றுக்கும் பெரும்பாலும் அதே சீட்டுச் செல்லும். முழங்கால் வலியுள்ளவர்கள் மூன்றையும் ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம்.

உள்ளே படிகள் செங்குத்தானவை. மின்தூக்கி உண்டு, கேட்டால் காட்டுவர். புதுச்செருப்பு ஆகாது. பெரிய மூட்டையும் கண்ணாடிப் புட்டியும் சோதனையில் தடுக்கப்படும்; வேறு புட்டியொன்று இருந்தால் உரோமைத் தெருக்குழாய்களில் நல்ல குடிநீரைப் பிடித்துக்கொள்ளலாம். கோடையில் காலை முதல் நேரத்தையே தெரிந்துகொள்ளுங்கள். சுரங்க இரயிலில் பணப்பையை முன்புறம் வையுங்கள். போர்வீரர் வேடமிட்டுச் சிரிப்பவரோடு படம் எடுத்தால் பிறகு காசு கேட்பார். சுவரில் பெயர் எழுதும் நம்மூர்ப் பழக்கத்தை ஊரிலேயே விட்டுச் செல்லுங்கள்; 2023இல் அவ்வாறு சாவியால் கீறிய ஒரு பயணியைக் காவல்துறை தேடிப் பிடித்தது.

சுரங்க இரயில் நிலையத்திற்கு மேலே, மேட்டுத்தெருவில் நின்றால் கட்டடம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். அதற்குச் சீட்டுத் தேவையில்லை. படியேற இயலாத முதியவர் உங்கள் குழுவில் இருந்தால் அங்கே அழைத்துச் செல்லுங்கள். உடன் ஒருவர் இருக்கட்டும்.