நூலின் இரு முனைகள்



திருச்சுழிப் பக்கத்து மக்கள் வானத்தை நம்பி விதைக்கிறார்கள். அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் நூலை நம்பிப் பிழைக்கிறோம். சென்ற கோடை விடுமுறையில் தாத்தா தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டிருந்தார். என் பக்கத்தில் ஓர் இழை இடம் மாறி நழுவியிருந்தது. அதன் மறுமுனை எதுவென்று அறிய நான் இழுத்தேன். எதிர்ப்பக்கம் நின்ற தம்பி, "இதோ அசையுது அக்கா!" என்றான். உடனே அங்கே கட்டிவிட்டோம். அது தவறான இழை! தறியில் ஏற்றியபின் இழைகள் சிக்கி அறுந்து அறுந்து போயின. தாத்தாவுக்கு இரண்டு நாள் வேலை வீண். அந்த வாரக் கூலியும் குறைந்தது.

"ஒரு தடவை அசைஞ்சதும் நம்பிட்டியே தாயி! கஞ்சியில ஒட்டின இழையும் அசையத்தானே செய்யும்? ரெண்டு முனையிலயும் இழுத்துப் பார்க்கணும்" என்றார் தாத்தா.

இதே சிக்கல் உலகின் பெரிய ஆய்வுக்கூடங்களிலும் உண்டு என்று அறிந்தபோது வியந்தேன். அதையே இங்கு எழுதுகிறேன்.

ஒரு ஜோடிச் செருப்பில் ஒன்றைச் சென்னைக்கு அனுப்புவோம். இங்கே இருப்பது இடக்கால் என்றால், அங்கே இருப்பது வலக்கால். இதில் அதிசயமில்லை, முன்பே முடிவானது. ஆனால் இரு நுண்துகள்கள் 'குவாண்டம் பிணைப்பு' கொண்டிருந்தால், அளக்கும்வரை எது எப்படி என்று முடிவாவதே இல்லை. ஆயினும் விடைகள் பொருந்துகின்றன. ஐன்ஸ்டீன் 1935-இல் போடோல்ஸ்கி, ரோசன் ஆகியோருடன் சேர்ந்து இதைக் கேள்விக்கு உள்ளாக்கினார். 1964-இல் ஜான் பெல் சோதிக்கும் வழி கண்டார். அச்சோதனையின் 1969-ஆம் ஆண்டு வடிவப்படி, எல்லாம் முன்பே முடிவானதாயின் ஒரு கணக்கு 2-ஐத் தாண்டாது. குவாண்டம் விதிப்படி சுமார் 2.83 வரை செல்லலாம். ஒளித்துகள்களை வைத்துச் சோதித்தபோது அது 2-ஐத் தாண்டிற்று! இதற்காக ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் ஆகிய மூவரும் 2022-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இனி நம் நூலுக்கு வருவோம். தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய குறைகடத்திக் கம்பிகள் உண்டு. அத்தகைய கம்பியை மீக்கடத்தியுடன் சேர்த்து, மிகவும் குளிர்வித்து, காந்தப் புலத்தில் வைத்தால், ஓர் எலக்ட்ரான் நிலை இரு பாதிகளாகப் பிரிந்து கம்பியின் இரு முனைகளிலும் தங்கலாம். 1937-இல் எத்தோரே மயோரானா என்ற இத்தாலியர் கூறிய துகளை ஒத்திருப்பதால் இவை 'மயோரானா நிலைகள்' எனப்படுகின்றன. கம்பியில் இவை தோன்றக்கூடும் என்று 2001-இல் கிதாயேவ் காட்டினார். குறைகடத்திக் கம்பியில் உண்டாக்கும் வழியை 2010-இல் கூறியவர்களுள் ஒருவர், கொல்கத்தாவில் பிறந்த சங்கர் தாஸ் சர்மா. செய்தி இரு முனைகளிலும் பகிர்ந்திருப்பதால், ஒரு முனையில் ஏற்படும் இடையூறு அதை எளிதில் அழிக்காது. எனவே குவாண்டம் கணினிக்கு இது பெரிதும் உதவும் என்பது நம்பிக்கை.

2012-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் கவ்வன்ஹோவன் குழுவினர், கம்பியின் முனையில் மின்னழுத்தம் சுழியாக இருக்கும்போது மின்கடத்தலில் ஒரு முகடு கண்டனர். மயோரானாவின் அடையாளம் அதுவே. ஆனால் ஒரே முனையில் ஒட்டிக்கொண்ட சாதாரண நிலைகளும் அதே முகட்டைக் காட்டும். கஞ்சியில் ஒட்டிய இழை போலத்தான்! 2018-இல் இன்னும் உறுதியான சான்று என்று டெல்ஃப்டிலிருந்து 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2012 ஆய்வில் பங்கு கொண்டிருந்த மூரிக், ஃப்ரோலோவ் ஆகிய இருவரே முழு அளவீடுகளையும் கேட்டு வாங்கிச் சரிபார்த்தனர், முடிவு நிற்கவில்லை. 2021-இல் கட்டுரையாளர்களே மன்னிப்புக் கேட்டு அதைத் திரும்பப் பெற்றனர். 2025-இல் மைக்ரோசாஃப்ட் 'மயோரானா 1' என்ற சில்லை அறிவித்தது. ஆயினும் அதே வேளையில் வெளிவந்த அதன் ஆய்வுமுடிவுகள் மயோரானா நிலைகள் இருப்பதற்குச் சான்றாகா என்று 'நேச்சர்' ஆசிரியர் குழுவே குறித்தது.

ஆகவே இரு முனைகளையும் ஒருசேர அளக்க வேண்டும். பின்பு முனைகளைச் சேர்த்தும் பிரித்தும், அவற்றிடையே மெய்யான குவாண்டம் பிணைப்பு உண்டா என்று சோதிக்க வேண்டும். அந்த வேலை இன்னும் முடியவில்லை.

நம் நாடும் இதில் பின்தங்கி நிற்கவில்லை. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பாஸ்கரன், மண்டல், சங்கர் ஆகியோர், கிதாயேவ் அமைத்த ஒரு காந்த மாதிரியில் மயோரானா துகள்களின் போக்கை 2007-இல் கணக்கிட்டனர். 2023-இல் இந்திய அரசு தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு ரூ. 6,003.65 கோடி ஒதுக்க ஒப்புதல் அளித்தது.

தோழியரே! விரும்பிய விடை கிடைத்தவுடன் நாம் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். பெரிய அறிஞர்களும் செய்தார்கள். தவறை ஒப்புக்கொண்டு மீண்டும் பாவை நீட்டுவதே அறிவியல். இப்போதெல்லாம் நான் இழையை இழுத்துவிட்டு, ஓடிப்போய் மறுமுனையிலிருந்தும் ஒருமுறை இழுத்துப் பார்க்கிறேன். தாத்தா சிரித்துக்கொள்கிறார்.

— பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு