மீன் விழியின் மின்மொழி

மாதர் விழிக்குக் கயலையும் கெண்டையையும் உவமை கூறுதல் தமிழ்ப் புலவர் மரபு. அக் கெண்டை இனத்தின் விழியையே துருவி ஆராய்ந்து, நிறங்களை நாம் உணர்வது எவ்வாறு என்னும் நெடுநாள் வழக்கொன்றுக்கு விடை கண்டனர் விஞ்ஞானிகள்.

மூவகை உணர்விகளே எல்லா நிறங்களையும் உணர்த்தப் போதுமென 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோமஸ் யங் கூறினார். ஹெல்ம்ஹோல்ற்ஸ் அதனை விரித்துரைத்தார். ஹெரிங் இசையவில்லை. சிவப்பும் பச்சையும், மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று எதிர்க்கும் இணைகள். பச்சை கலந்த சிவப்பை எவரேனும் கண்டதுண்டோ என்பது அவர் வாதம்.

1950களில், பின்லாந்திற் பிறந்த குன்னார் சுவேற்றிச்சின், மீனின் விழித்திரையைப் பிரித்தெடுத்து, அதனுள் நுண்ணிய கண்ணாடி மின்வாயைச் செலுத்தினார். ஒளி பட்டதும் மின்னழுத்தம் மாறிற்று. ஒளி உள்ளவரை அம்மாற்றம் நிலைத்தது. நரம்பிலோடும் கணநேரத் துடிப்பன்று அது. சிலவிடங்களில் எந்நிற ஒளிக்கும் அழுத்தம் எதிர்க்குறிப் பக்கமே சென்றது. வேறு சிலவற்றிலோ பச்சைக்கு ஒரு பக்கமும் சிவப்புக்கு மறு பக்கமும் சென்றது. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் அவ்வாறே. ஹெரிங் வென்றார் எனத் தோன்றிற்று.

கூம்புக் கலங்களே இதன் பிறப்பிடம் எனச் சுவேற்றிச்சின் முதலிற் கருதினார். ஆயின் மின்வாயின் வழியே சாயம் செலுத்திப் பார்த்தபோது, கூம்புகளுக்கு அடுத்த படையிற் கிடையாகக் கிளைபரப்பி நிற்கும் கலங்களே அவ்விடம் எனப் புலனாயிற்று. அவ்வாறாயின் கூம்புகள் உரைப்பது யாது?

கூம்பு மிகச் சிறிது. மின்வாய் அதனுட் புகுதல் அரிது. யப்பானிய அறிஞர் சுனெயோ தொமிதா, விழித்திரையை மின்வாயை நோக்கி வெடுக்கென உதறும் உபாயத்தைக் கையாண்டார். 1967இல் அவர் குழுவினர் வெளியிட்ட முடிவின்படி, கார்ப் என்னும் கெண்டையின் கூம்புகள் மூவகையின; அவை முறையே 462, 529, 611 நனோமீற்றர் அளவான ஒளியலைகளுக்கு மிகுதியாக இசைந்தன. யங்கும் வென்றார்!

மற்றொரு வியப்பும் உண்டு. ஒளி கூம்பை எழுப்பவில்லை. இருளில் அதனூடே ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைத் தணித்தது. அத்தணிவே பார்வையின் முதற்சொல்.

ஆகவே இரு தரப்பும் உண்மையே உரைத்தன. ஒன்று கூம்புகளின் படியைச் சொன்னது, மற்றொன்று அடுத்த படியைச் சொன்னது. நுட்பங்கள் வேறுபடினும், மனிதரின் நிறப்பார்வையும் இவ்விரு படிகளிலேயே அமைந்துள்ளது. நூறாண்டுப் பிணக்கு, இருவரும் ஒரே இடத்தைப் பற்றிப் பேசுவதாக எண்ணியதால் வந்தது. அறிவுலகின் வழக்குகள் பல இத்தகையன அன்றோ?