"சூப்பரா ஒரு வெப்சைட் வேணும்!" - ஏஜென்சிக்குப் போறதுக்கு முன்னாடி இந்த ஒன்றரைப் பக்கத்தை எழுதிடுங்க

"ப்ரோ, ஒரு வெப்சைட் பண்ணணும். எவ்ளோ ஆகும்?"

இந்த ஒரு வரியை மூன்று வெப் டிசைன் ஏஜென்சிகளுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டுப் பாருங்கள். ஒருவர் 8,000 ரூபாய் என்பார். இன்னொருவர் 80,000 என்பார். மூன்றாமவர், "நேர்ல பேசிக்கலாம் சார்" என்பார். மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை. நம் கேள்வியில் அளவே இல்லை, அவ்வளவுதான்.

டெய்லரிடம் போகும்போது துணியோடு அளவு ஜாக்கெட்டையும் கொடுக்கிறோம். "கழுத்து இதைவிட அரை இன்ச் இறக்கம், கை மட்டும் முழங்கை வரைக்கும்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். சில நூறு ரூபாய் தையல் கூலிக்கே இவ்வளவு கவனம். ஆனால், அரை லட்சம் கொடுத்துச் செய்யும் வெப்சைட்டுக்கு "சூப்பரா இருக்கணும், மாடர்னா இருக்கணும்" என்பதோடு முடித்துக்கொள்கிறோம்.

வெப்சைட்டுக்கான அந்த அளவு ஜாக்கெட்டுக்குப் பெயர்தான் 'ப்ரீஃப்'. ஒன்றரைப் பக்கம் போதும். அதை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

சீட்டுப் பணத்தில் வந்த வெப்சைட்

என் பெரியம்மா மகள் மதுரையில் வீட்டிலிருந்தபடியே சுங்குடிச் சேலை விற்கிறார். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் சேலைகள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டோ போடுவார். "எனக்கு" என்று முதலில் மெசேஜ் அனுப்புபவருக்குச் சேலை. வாடிக்கையாளர்கள் பெருகியதும், சீட்டு எடுத்த பணத்தில் 45,000 ரூபாய்க்கு ஒரு ஏஜென்சியிடம் வெப்சைட் செய்யக் கொடுத்தார்.

வெப்சைட் வந்தது. திறந்ததும் முழுத்திரைக்கு ஒரு வீடியோ, பின்னணியில் வீணை. பார்க்க அவ்வளவு அழகு. முதல் வாரமே சிக்கல். காலையில் வாட்ஸ்அப்பில் விற்றுப்போன சேலையை, மதியம் வெப்சைட்டில் இன்னொருவர் பணம் கட்டி வாங்கியிருந்தார். கை முடிச்சுச் சேலையில் அதேபோல இன்னொன்று கிடையாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டார் அக்கா. விற்ற சேலையை வெப்சைட்டிலிருந்து எடுக்க, போனில் வழியே இல்லை. ஏஜென்சிக்கு மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டும். இன்னொரு பக்கம், சிக்னல் சரியாக இல்லாத ஊர்களில் இருக்கும் பழைய வாடிக்கையாளர்களுக்கு வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தது. "நீ வாட்ஸ்அப்லயே போட்டோ அனுப்பும்மா" என்று அவர்கள் ஒதுங்கிவிட்டார்கள்.

மாற்றிக் கொடுக்கச் சொன்னால், "அது ஸ்கோப்லயே இல்லையே மேடம், தனியா 15,000 ஆகும்" என்று பதில். சரி, வேறு இடம் பார்ப்போம் என்றால், கடைப் பெயரில் இருந்த டொமைன் ஏஜென்சியின் இமெயிலில் பதிவாகியிருந்தது. அதை வாங்கவே ஒன்றரை மாதம்.

"ஒவ்வொரு சேலையும் ஒண்ணுதான் இருக்கும்னு அவங்ககிட்ட சொன்னியாக்கா?" என்று கேட்டேன்.

"அதை எதுக்குச் சொல்லணும்? சுங்குடின்னா அப்படித்தானே?" என்றார்.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. நமக்கு ரொம்பப் பழகிப்போன ஒன்றை நாம் வாயைத் திறந்து சொல்வதே இல்லை. ஏஜென்சிக்கோ அதுதான் முதலில் தெரிய வேண்டியது. நிறம், எழுத்து, அனிமேஷனை எல்லாம் டிசைனர் பார்த்துக்கொள்வார். உங்கள் தொழில் தினமும் எப்படி நடக்கிறது என்பதை நீங்கள் மட்டும்தான் சொல்ல முடியும். ப்ரீஃப் என்பது அதை எழுதிக் கொடுப்பதுதான்.

1. கடைக்குப் புதுசா வந்த பையனுக்கு என்ன சொல்வீங்க?

'நாங்கள் தரமான சேவை அளிக்கிறோம்' என்ற வரியெல்லாம் வேண்டாம். நாளைக்கு உங்கள் கடையில் ஒருவர் புதிதாக வேலைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அவரிடம் என்னென்ன சொல்வீர்கள்? என்ன விற்கிறோம், எத்தனை வகை, ஒவ்வொன்றும் எத்தனை இருக்கும், ஆர்டர் எப்படி வருகிறது, பார்சல் எத்தனை நாளில் போகிறது, ரிட்டர்ன் உண்டா, எந்த மாதம் கூட்டம் அதிகம். இதை அப்படியே எழுதுங்கள். ப்ரீஃபில் பாதி முடிந்தது.

2. வெப்சைட் செய்ய வேண்டிய ஒரே வேலை

விற்கணுமா? போன் கால் வரணுமா? அப்பாயின்ட்மென்ட் புக் ஆகணுமா? 'எல்லாமே' என்று எழுதாதீர்கள். வெப்சைட்டைத் திறந்தவர் கடைசியில் எந்த பட்டனைத் தொட்டால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று யோசியுங்கள். அந்த ஒன்றை முதலில் எழுதுங்கள். மற்றதை 'இருந்தால் நல்லது' என்று தனியாகப் பிரித்துவிடுங்கள். பணம் பத்தாதபோது எதை விடலாம் என்பது இருதரப்புக்கும் தெரிந்துவிடும்.

3. பார்க்கப் போறது யாரு, எந்த போன்ல?

ஏஜென்சி டெமோ காட்டுவது பெரிய மானிட்டரில். உங்கள் வாடிக்கையாளர் பார்ப்பது பஸ்ஸில், ஒரு கையில் போனோடு. கூகுளும் ஒரு தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் திரைக்கு வர வேண்டும் என்பதும் கூகுள் சொல்லும் அளவுகோல்தான். இந்த எண்ணை ப்ரீஃபில் எழுதிவிடுங்கள். 'ஃபாஸ்ட்டா இருக்கணும்' என்பதை யாரும் அளக்க முடியாது, 2.5 விநாடியை அளக்கலாம்.

தமிழில் வேண்டுமென்றால் அதையும் முதல் நாளே சொல்லுங்கள். எழுத்துகள் யூனிகோடில்தான் இருக்க வேண்டும். படமாகவோ பழைய ஃபான்ட்டிலோ போட்டால் கூகுள் தேடலில் சிக்காது. இன்னொன்று, ஆங்கிலத்தில் குட்டியாக நிற்கும் பட்டன் தமிழில் இரண்டு வரியாக உடையும். 'செக்அவுட்' இருக்கும் இடத்தில் 'பணம் செலுத்தத் தொடரவும்' என்று போட்டுப் பாருங்கள், புரியும். டிசைனை ஆங்கிலத்தில் முடித்துவிட்டு, கடைசியில் தமிழை ஒட்டவைக்கும்போதுதான் எல்லாம் கோணலாகிறது.

4. யார், எதிலிருந்து அப்டேட் பண்ணப் போறாங்க?

அக்காவை மாட்டிவிட்டது இதுதான். விலை மாற்றுவது, புதுப் பொருள் ஏற்றுவது, விற்றதை எடுப்பது இதையெல்லாம் தினமும் செய்யப்போவது யார்? கம்ப்யூட்டர் இருக்கா, போன் மட்டும்தானா? 'இவற்றை நானே போனில் செய்ய வேண்டும், ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க வேண்டும்' என்று எழுதுங்கள்.

5. போட்டோ, எழுத்து யார் பொறுப்பு?

வெப்சைட் வேலை இழுத்துக்கொண்டு போவதற்கு, பல நேரம் ஏஜென்சியைவிட நாம்தான் காரணம். 'எங்களைப் பற்றி' பக்கத்துக்கு நான்கு வரி எழுதித் தராமல் இரண்டு மாதம் கடத்துவோம். என்ன தயாராக இருக்கிறது, என்ன இல்லை, இல்லாததை யார், எந்தத் தேதிக்குள் தருவார் என்று ஒரு பட்டியல் போடுங்கள்.

6. பட்ஜெட்டை மறைக்காதீங்க

"சொன்னா அதையே பில் போட்டுடுவாங்க" என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு வழி, ஒரே ப்ரீஃபை மூன்று பேருக்கு அனுப்புவது. ஒரே பணம், ஒரே தேவை என்றால் யார் என்ன தருகிறார்கள் என்று ஒப்பிட முடியும். கொட்டேஷனில் 18 சதவிகித ஜி.எஸ்.டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். டொமைன், ஹோஸ்டிங், பராமரிப்பு என இரண்டாவது வருடம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

தேதியும் அப்படித்தான். 'தீபாவளிக்கு வேணும்' என்றால் தீபாவளி அன்று இல்லை. மக்கள் வாங்கத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே தயாராகி, சோதித்தும் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தேதியை எழுதுங்கள்.

7. சாவி உங்க கையில இருக்கணும்

இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில் பதிவாக வேண்டும். ஹோஸ்டிங், கூகுள் கணக்கு, பேமென்ட் கேட்வே எல்லாமே உங்கள் கணக்குகள். ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். கட்டி முடித்த வீட்டின் பத்திரத்தைக் கொத்தனார் பெயரில் எழுதுவோமா?

அடுத்தது பலருக்கும் தெரியாத விஷயம். பணம் கொடுத்துவிட்டதாலேயே டிசைனும் கோடும் தானாக நம்முடையது ஆகிவிடாது. 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுத்தில், கையெழுத்தோடு மாற்றித் தர வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டுகள் என்றே எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அதனால், 'முழுப் பணம் கொடுத்ததும் எல்லா உரிமையும் நிரந்தரமாக, உலகம் முழுவதற்கும் எங்களுக்கு' என்ற வரியை ப்ரீஃபிலேயே கேட்டு, ஒப்பந்தத்திலும் வாங்கிவிடுங்கள்.

ஆன்லைனில் விற்கப் போகிறீர்களா? 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி கடையின் பெயர், முகவரி, தொடர்பு விவரம், ரிட்டர்ன் - ரீஃபண்ட் விவரம், புகாரைக் கவனிக்கும் அலுவலரின் பெயர் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். பேமென்ட் கேட்வே நிறுவனங்களும் கணக்கு திறக்கும்போது இந்தப் பக்கங்களைத் தேடும். 'இவையும் வேலையில் அடக்கம்' என்று ஒரு வரி சேருங்கள்.

எதை எழுத வேண்டாம்?

'லோகோ பெருசா, வலது பக்கம் சிவப்பு பட்டன், மேலே ஓடுற எழுத்து' என்று நீங்களே டிசைன் செய்யாதீர்கள். டாக்டரிடம் போய் மாத்திரை பெயரைச் சொல்லாமல், எங்கே வலிக்கிறது என்று சொல்வோம் இல்லையா? 'கஸ்டமர்கள் போன் நம்பரைத் தேடுறாங்க, கிடைக்கலைன்னு சொல்றாங்க' என்று சிக்கலை எழுதுங்கள். அதற்கு பட்டனா வேறு வழியா என்பது அவர்கள் வேலை. பிடித்த வெப்சைட் மூன்றைக் கொடுங்கள். ஏன் பிடித்தது என்று ஆளுக்கு ஒரு வரி சேர்த்தால் போதும்.

அக்காவோட ரெண்டாவது ப்ரீஃப்

இரண்டாவது முறை நாங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதியதன் சுருக்கம் இது. உங்கள் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

'மதுரையில் வீட்டிலிருந்து கை முடிச்சு சுங்குடிச் சேலை விற்கிறோம். ஒவ்வொரு சேலையும் ஒன்றே ஒன்று. வாட்ஸ்அப்பிலும் விற்பதால், விற்றதை நான் போனிலிருந்து உடனே எடுக்க வேண்டும். வாங்குபவர்களில் பலர் 40 வயதைத் தாண்டிய பெண்கள். போனில் பார்ப்பவர்கள், தமிழில் படிப்பவர்கள். முக்கிய வேலை: சேலையைப் பார்த்து, யு.பி.ஐ-யில் பணம் கட்டுவது. வீடியோ வேண்டாம். சேலையின் முந்தானை, உடல், பார்டர் மூன்றும் பெரிதாகத் தெரிய வேண்டும். போட்டோ நான் தருகிறேன். எழுத்து ஆடி முதல் தேதிக்குள் தருகிறேன். பட்ஜெட் வரி உட்பட 40,000. டொமைன் என் பெயரில் இருக்கிறது. உரிமை முழுவதும் எங்களுக்கு.'

இதை மூன்று பேருக்கு அனுப்பினோம். ஒருவர் ஐந்தே நிமிடத்தில் "எல்லாம் பண்ணிடலாம் மேடம்" என்றார். ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் ஏழு கேள்விகள் அனுப்பினார். அதில் ஒன்று: "ஒரே சேலையை ரெண்டு பேர் ஒரே நேரத்துல பணம் கட்டப் போனா யாருக்குக் கொடுக்கணும்?"

அக்கா அவரிடம்தான் வேலையைக் கொடுத்தார்.

நீங்களும் போனில் நோட்ஸைத் திறந்து, 'கடைக்குப் புதுசா வந்த பையன்' கேள்விக்கு மட்டும் இன்றைக்கே பதில் எழுதிப் பாருங்கள். டைப் பண்ணச் சோம்பலா இருந்தா வாய்ஸ்ல பேசியே பதிவு பண்ணுங்க. 'இதெல்லாம் சொல்லணுமா?' என்று எந்த இடத்தில் தோன்றுகிறதோ, அந்த வரியைக் கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.